கிராஸ்லாண்ட் ஐயரை வழியனுப்பிய கதை

1950 ஜனவரி 9, திங்கள்

இன்று காலை ஜெபக்கூட்டத்தில் குருவானவரும் கல்லூரி முதல்வருமான கிராஸ்லாண்ட் ஐயர் வேதபாடம் வாசித்து முடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வரும் ஏப்ரலோடு ஓய்வு பெற்று இங்கிலாந்து போகப்போவதாகச் சொல்லிவிட்டார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு. கேம்பிரிட்ஜில் படித்துக் குருப்பட்டம் வாங்கிய கையோடு இளைஞனாகக் கப்பலேறி வந்தவர். ஓலைக் கொட்டகையில் நடந்த பள்ளிக்கூடத்தை, கிருபாபுரம் பரிசுத்த தீத்துக் கல்லூரி என்று சென்னைவரை பேச வைத்தவர். இருபது வருஷமாக எங்களுக்கு முதல்வர். அவரில்லாத கல்லூரியை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“தேசம் சுதந்தரமாயிட்டு. இன்னும் வெள்ளைக்காரன் இந்த நாற்காலியில இருந்தா நல்லா இருக்காது. உங்கள்ல ஒருத்தர் வரணும்” என்றார். அவர் இதைச் சொன்னபோது ஆசிரியர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பாதிப் பேர் ஆங்கிலப் பேராசிரியர் மாசிலாமணியைப் பார்த்ததாகத் தாவரவியல்காரர் சொல்கிறார். அவருக்குப் பார்வை சரியில்லை.

துணை முதல்வர் நான். கணிதப் பேராசிரியர், எம்.ஏ., தங்கையா ஜெபமணி. எனக்குப் பதவி ஆசை கிடையாது என்பது கர்த்தருக்குத் தெரியும். என் மனைவி சொர்ணபாய்க்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் அவள் சிரிக்கிறாள்.

ஜனவரி 10

மாலையில் சொர்ணத்தோடு காலாற நடந்தேன். தற்செயலாக முதல்வர் பங்களா வழியாகப் போக நேர்ந்தது.

“ஜன்னலெல்லாம் எம்புட்டு ஒசரம்! நம்ம வீட்டுத் திரை அரை ஜன்னலுக்குக்கூடக் காணாதே” என்றாள்.

“வாயை மூடிட்டு வா. யாராவது கேட்டா என்ன நெனப்பாக?” என்றேன். உயரத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டேன். கணிதக்காரனுக்கு அது பழக்கம்.

ஜனவரி 23

முதல்வர் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு புகைப்படம் காட்டினார். இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் ஏதோ குக்கிராமம். சின்னக் கோயில், அதை ஒட்டிக் குருவானவர் வீடு, வாசலில் ஒரு பேரிக்காய் மரம். அந்தச் சபைக்கு அவரைக் குருவாக அழைத்திருக்கிறார்களாம்.

“எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது பாத்தீரா. சபை கெடைச்சாத்தான் வீடு. எங்க வீட்டுத் துரைசானி நாலு வருஷமா அங்க அவ அக்கா வீட்டுல ஒண்டிக்கிட்டிருக்கா. கண்ணும் மங்கிட்டு வருது. தோட்டத்தைப் பாக்கிற அளவுக்காவது பார்வை இருக்கிறப்போ நான் போய்ச் சேரணும்” என்றார்.

இப்படித் தமிழ் பேசுகிற வெள்ளைக்காரரை இனி எங்கே பார்ப்பது? தங்கள் இஷ்டப்படியே எல்லாம் நடக்கும் ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 4

சொர்ணத்தின் முட்டிவலிக்காக மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஞானாபரணம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “துணை முதல்வர்ங்கிறதால உங்ககிட்ட சொல்லுதேன். துரைக்கு இருதயம் ரொம்பப் பலவீனம். இன்னொரு கோடை இங்க தாங்கமாட்டாவ. எப்படியாவது ஏப்ரலுக்குள்ள கப்பல் ஏத்திவிட்டுருங்க” என்றார்.

அதுதான் போகப்போகிறாரே என்றேன்.

பிப்ரவரி 18

இருந்திருந்து இப்படி ஆகும் என்று யார் கண்டது! விவரமாக எழுதினால்தான் மனம் ஆறும்.

அடுத்த முதல்வரைத் தேர்ந்தெடுக்கப்போகிற கல்லூரி ஆட்சிக்குழுவில் ஆற்றுக்கு மேற்கே உள்ள சபைகளுக்கு ஐந்து பேர், கிழக்கே உள்ள சபைகளுக்கு ஐந்து பேர். நடுவில் பேராயர். நான் மேற்கு, மாசிலாமணி கிழக்கு. மேற்கத்தியாருக்கும் கிழக்கத்தியாருக்கும் என்ன தகராறு என்று கேட்டால் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் ஒரு கோயிலில் இரண்டு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிறோம் என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் வக்கீல் சத்தியநேசன் வலுவான மேற்கத்தியார். அவர் தன் மகளைக் கிழக்கே கட்டிக் கொடுக்கப்போகிறாராம்! மாப்பிள்ளை மாசிலாமணியின் தங்கை மகன்.

கணக்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழக்கே ஆறு, மேற்கே நாலு.

மாசிலாமணி முதல்வரானால்! ஷெல்ஃப் முழுக்க ஆங்கில நாவல். ஒரு சதுரமூலம் போடத் தெரியாது. அவர் பங்களாவில் இருந்துகொண்டு என்னை மணியடித்துக் கூப்பிடுவார்.

பிப்ரவரி 19, ஞாயிறு

ஆராதனையில் மனம் லயிக்கவில்லை. பிரசங்கத்தின் நடுவில் ஓர் எண்ணம் வெளிச்சமாக உதித்தது. கிராஸ்லாண்ட் ஐயரைப் போல ஒரு மகானை நாம் இவ்வளவு சுலபமாக விட்டுவிடலாமா? ஆண்டவர்தான் இதை உணர்த்தினார் என்று நம்புகிறேன்.

பிப்ரவரி 22

மேற்குச் சபைப் பெரியவர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் எல்லாருமாக முதல்வர் பங்களாவுக்குப் போனோம். நான் முன்னால் நின்று பேசினேன். இரண்டு வாக்கியத்திலேயே அழுகை வந்துவிட்டது. நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதேன். பின்னால் நின்ற பெண்பிள்ளைகளும் அழத் தொடங்கிவிட்டார்கள்.

“எல்லாரும் அழுதா நான் எப்படி ஓய் போறது?” என்றார் முதல்வர்.

“போகாதீங்க ஐயா. ஒரே ஒரு வருஷம். நாங்க அநாதையாயிருவோம்.”

“துரைசானிக்கு என்ன எழுதுவேன்?”

“கர்த்தருடைய ஊழியம்னு எழுதுங்க.”

அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. கூடவே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, நான் கவனித்தேன். தன் சொந்த நாட்டில் யாரும் அவருக்காக இப்படிக் கூட்டமாக நின்று அழப்போவதில்லை. கடைசியில், “ஒரு வருஷம்” என்றார்.

டாக்டர் சொன்னது நடுவில் ஞாபகத்துக்கு வந்தது. பொதுக்கூட்டத்தில் பேசுகிற விஷயமா அது? டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். என் அப்பாவுக்கும் ஒரு வருஷம்தான் என்றார்கள். அவர் அந்த டாக்டரையே அடக்கம் பண்ணிவிட்டு வந்தார்.

மார்ச் 25

பிரிவுபசார விருந்து. ஆமாம், நடந்தது. போகவில்லையென்றாலும் ஆட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, இலை சொல்லியாயிற்று. ‘கண்ணீரோடு விடைகொடுக்கிறோம்’ என்று அச்சடித்துச் சட்டம் போட்ட வாழ்த்துப் பத்திரத்தில் ‘விடை’ மீது ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி ‘நன்றி’ என்று எழுதிக் கொடுத்தோம். முதல்வர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். அசனப் பந்தியில் சாம்பாரும் கறியும் பிரமாதம்.

சொர்ணம் வாங்கி வைத்திருந்த திரைத்துணியைத் தலையணை உறையாகத் தைக்கிறாள். வீட்டில் தலையணையைவிட உறை அதிகமாகிவிட்டது.

1951 ஜனவரி 15

முதல்வர் மறுபடி அறிவித்தார். வரும் ஏப்ரலில் நிச்சயம் போகிறாராம். நார்ஃபோக் சபையார் பெரிய மனதுபண்ணி ஒரு வருஷம் காத்திருக்கிறார்களாம். இதற்குமேல் காக்கமாட்டார்களாம்.

இந்தத் தடவை நான் அழவில்லை. கிழக்கத்தியார் இரண்டுபேர் இடையன்குளத்துக் கோயில் மணி விவகாரத்தில் பேராயரோடு முறைத்துக்கொண்டு ஆட்சிக்குழுவிலிருந்து விலகிவிட்டார்கள். அந்த இடங்கள் காலியாகவே இருக்கின்றன. நாலுக்கு நாலு, பேராயர் எங்கள் பக்கம்; கணக்கு சரியாக இருக்கிறது. ஸ்தோத்திரம்.

ஜனவரி 30

நான் எதிர்பார்த்ததுதான். மாசிலாமணி, கிழக்குச் சபைகளைத் திரட்டிக்கொண்டு முதல்வர் பங்களா வாசலில் போய் அழுதிருக்கிறார். போன வருஷம் என்னைப் பார்த்துப் படித்துக்கொண்டது! ஆனால் என்னைவிட ஒருபடி மேலே போய், முழங்காலில் நின்றாராம். பத்து வேட்டி மண்ணானது என்று பியூன் சொன்னான். சொந்த லாபத்துக்காக ஒரு வயோதிகரை இப்படி வதைப்பார்களா? கொஞ்சமாவது ஈவிரக்கம் வேண்டாமா? எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது என் முகத்தில், எழுதும்போதே.

ஜனவரி 31

முதல்வரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். மாடிப்படி ஏறி வந்தவர் மூச்சு வாங்க, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேதனையாக இருந்தது.

“ஐயா, யார் அழுதாலும் கேக்காதீங்க. ஒடம்பைப் பாருங்க. ஒங்க இருதயத்துக்கு இன்னொரு கோடை ஆகாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு.”

“எப்போ சொன்னார்?”

நான் மேஜைமேல் இருந்த புத்தகத்தை நேராக்கி வைத்தேன்.

“போன வருஷம் பிப்ரவரியில உம்மகிட்ட சொன்னதா ஞானாபரணம் எங்கிட்டச் சொன்னாரே” என்றார். கோபமில்லை. நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். “உக்காரும் ஜெபமணி. எனக்குக் கணக்கு அவ்வளவா வராது. ஆனா ஆறு பெரிசா நாலு பெரிசாங்கிறது தெரியும்.”

உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

“உம்மை நியமிச்சா மறுநாளே கிழக்கத்தியார் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயி எதிர்ல ஒரு கல்லூரி தொறப்பாங்க. அவரை நியமிச்சா நீங்க தொறப்பீங்க. நான் கட்டினது ஒண்ணு. அதை ரெண்டா ஆக்கிட்டுப் போக மனசு வரல. உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் பேராயர்கிட்டப் போயி, ‘அவரையே போடுங்க, நான் கூட நிக்கிறேன்’னு சொன்னா, அன்னைக்கே நான் பெட்டியைக் கட்டிருவேன். மாசிலாமணிகிட்டயும் இதையே சொல்லியிருக்கேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“நீர் என்ன சொல்லுவீர்னு கேட்டார்.”

வீட்டுக்கு வந்து இரவு சாப்பிடவில்லை. யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாசிலாமணி அப்படி ஒரு வார்த்தை சொல்லலாம். இளையவர், விட்டுக்கொடுப்பது அவருக்கு அழகு.

பிப்ரவரி 14

முதல்வர் இன்னும் ஒரு வருஷம் இருக்க இசைந்துவிட்டார். மாசிலாமணிக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 17

இரண்டாவது பிரிவுபசார விருந்து. இந்தத் தடவை புகைப்படக்காரரும் வந்திருந்தார். முதல்வருக்கு வலப்பக்கத்து நாற்காலி துணை முதல்வருக்கு என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம். ஆனால் போன மாசம்தான் மாசிலாமணி மாணவர் விடுதிக்குக் காப்பாளராகி, தானும் சமம் என்கிறார். நான் இடப்பக்கம் உட்காரமாட்டேன் என்றேன். அவரும் மாட்டேன் என்றார். நான் வலப்பக்கம் உட்கார அவர் விடவில்லை. அவர் உட்கார நான் விடவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் நான் பின்வரிசையில் ஒரு கோடியிலும் அவர் மறு கோடியிலும் போய் நின்றோம். புகைப்படத்தில் முதல்வர் இரண்டு காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார்.

“ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டிய போலிருக்கே” என்றாள் சொர்ணம். அவளுக்கு நிர்வாகம் புரியாது.

ஜூன் 11

கோடை கடந்துவிட்டது. டாக்டர் சொன்னது பொய்த்துப் போனதில் எல்லாரையும்விட எனக்குத்தான் சந்தோஷம். முதல்வர் கொடைக்கானலில் பாதி நாள் படுக்கையில் இருந்தாராம். மற்றபடி நலம்.

அக்டோபர் 6

நார்ஃபோக் சபைக்கு வேறு குரு வந்துவிட்டாராம். முதல்வரே சொன்னார், வகுப்புக்குப் போகிற வழியில், மழையைப் பற்றிச் சொல்வது போல. “பேரிக்காய் மரம் இனி அவர் பாடு” என்றார்.

“துரைசானி அம்மா என்ன எழுதியிருக்காங்க ஐயா?” என்று கேட்டேன்.

“அவ எழுதல. ரெண்டு மாசமா எழுதல.”

எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வகுப்பில் ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டேன்.

அக்டோபர் 7

சொர்ணத்திடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“நீங்க முதல்வராகலைன்னா நாம என்ன பட்டினியா கெடக்கப்போறோம்? போயி மாசிலாமணி பேரைச் சொல்லிட்டு வாங்களேன். அந்த மனுஷன் ஊர் போய்ச் சேரட்டும்.”

“எனக்காகவா நான் பாக்கேன்? மேற்குச் சபை சனங்க என்ன சொல்லும்?”

“அவிய சொல்லுறது இருக்கட்டும். நீங்க என்ன சொல்லுதிய?”

இந்த வீட்டில் என்னைப் புரிந்துகொள்ள யாருமில்லை.

1952 ஜனவரி 21

இந்தத் தடவை முதல்வர் ஜெபக்கூட்டத்தில் அறிவிக்கவில்லை. பயணச்சீட்டை வாங்கிவிட்டு வந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். ஏப்ரல் மூன்றாம் வாரம் பம்பாயிலிருந்து கப்பல். ‘அழுபவர்கள் வீட்டிலேயே அழவும்’ என்று கீழே அவர் கைப்பட எழுதியிருந்தார். தமிழில்.

பிப்ரவரி 9

ஆட்சிக்குழு எந்தப் பக்கம் சாயும் என்று தெரியவில்லை. காலி இடங்களுக்குக் கிழக்கத்தியார் திரும்பி வந்துவிட்டார்கள். வக்கீல் சத்தியநேசன் சம்பந்தியோடு சண்டை போட்டு மேற்கே வந்து, பேரன் பிறந்து மறுபடி கிழக்கே போய்விட்டார். பேராயர் மனதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

பிப்ரவரி 12

முதல்வரைப் பார்க்கப் போனேன். வாசலில் மாசிலாமணி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் கழற்றினேன்.

உள்ளே போனதும் முதல்வர், “நீர் என்ன கேக்க வந்தீர்னு தெரியும். அவரும் அதையேதான் கேட்டார். ஒரே வார்த்தை, ‘ஒரு வருஷம்’. இவ்வளவு ஒத்துமையை நான் இந்தக் கல்லூரியில பாத்ததே இல்ல” என்றார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. இருமல் நிற்க நேரமாயிற்று.

“மொத வருஷம் நீங்க எல்லாரும் அழுதப்போ, அதில பாதியாவது நெசம்னு நெனச்சேன் ஜெபமணி. அந்தப் பாதிக்காகத்தான் இருந்தேன்.”

“நெசந்தான் ஐயா” என்றேன்.

“இருக்கும்” என்றார். “ஆனா இந்தத் தடவை போறேன். துரைசானி இன்னமும் எனக்கு எழுதல. நேர்லயே போயித் திட்டு வாங்கணும்.”

மார்ச் 8

புத்தகங்களை மரப்பெட்டிகளில் அடுக்கத் தொடங்கிவிட்டார். வெயில் இந்த வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது.

மார்ச் 22

பெட்டி ஒன்றைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனபோது விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். டாக்டர் ஞானாபரணம் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மார்ச் 24

மாசிலாமணி ஒரு பக்க பெஞ்சிலும் நான் எதிர்ப்பக்க பெஞ்சிலும் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் அவர் காப்பி வாங்கி வந்து எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 25

கிராஸ்லாண்ட் ஐயர் இன்று விடியற்காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

மார்ச் 26

அடக்க ஆராதனை. அவரை மேற்குத் தோட்டத்தில் புதைப்பதா, கிழக்குத் தோட்டத்தில் புதைப்பதா என்று விவாதம் வந்தது. பேராயர் முதல் தடவையாகச் சத்தம் போட்டார். கடைசியில் கல்லூரித் தோட்டத்திலேயே, நடுவில் அடக்கம் பண்ணினோம்.

நான் இரங்கலுரை நிகழ்த்தினேன். ‘தன் தாய்நாட்டையும் இனிய மனைவியையும்கூட நமக்காகத் துறந்தார். போகச் சொன்னபோதும் போக மறுத்தார்’ என்றேன். ஜனங்கள் விம்மினார்கள். நல்ல உரை என்று பலரும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தேன். வெயில்தான் காரணம்.

ஏப்ரல் 5

பேராயர் எங்கள் இருவரையும் அழைத்தார். “இனிமே சாக்குச் சொல்ல ஆள் இல்ல. ரெண்டு பேர்ல ஒருத்தர் மத்தவர் பேரைச் சொல்லுங்க. இந்த நிமிஷமே எழுதிக் கொடுத்துடுறேன்” என்றார்.

மாசிலாமணி தன் விரல் நகத்தைப் பார்த்தார். என் பெயரை அவர் சொல்வார் என்று நான் நிஜமாகவே எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நான் மறுத்து, அவர் பெயரையே சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார் போலும். மடப்பயல்.

“அப்போ லண்டன் மிஷனுக்கு எழுதி இன்னொரு வெள்ளைக்காரரைத்தான் கேக்கணும்” என்றார் பேராயர், அலுத்துப்போய்.

“ஆமென்” என்றோம் இரண்டுபேரும், ஒரே குரலில்.

ஏப்ரல் 7

ஒரு சிக்கல். சுதந்தரம் வந்து இத்தனை வருஷமான பிறகு, இரண்டு எம்.ஏ. பேராசிரியர்களை வைத்துக்கொண்டு ஏன் வெள்ளைக்காரரைக் கேட்கிறீர்கள் என்று லண்டனில் கேட்பார்களாம். காரணம் எழுத வேண்டும், அதையும் நாங்கள்தான் எழுத வேண்டும் என்று பேராயர் சொல்லிவிட்டார். மாசிலாமணி நல்ல ஆங்கிலத்தில் எழுதினார். சாரம் இதுதான்: ‘இக்கல்லூரியை நடத்தத் தகுதி வாய்ந்த இந்தியர் எவரும் தற்போது இங்கே இல்லை.’

“மொதல்ல நீங்க கையெழுத்துப் போடுங்க சார். நீங்கதான் சீனியர்” என்றார்.

“இல்ல இல்ல, எழுதினது நீங்க. நீங்களே போடுங்க.”

“துணை முதல்வர் இருக்கும்போது நான் எப்படி?”

“காப்பாளரும் சமந்தானே!”

இப்படியே அரைமணி நேரம் போயிற்று. இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் இவ்வளவு மரியாதை காட்டியதில்லை. கடைசியில் தாளின் நடுவில் ஒரே வரியில் அவர் இடப்பக்கமும் நான் வலப்பக்கமும், பேனா இரண்டு வைத்து ஒரே நேரத்தில் போட்டோம்.

ஜூலை 2

புது முதல்வர் வந்துவிட்டார். ரெவரெண்ட் ஹாலம். வயது முப்பதோ என்னவோ, காது சிவந்த பிள்ளை. நானும் மாசிலாமணியும் சேர்ந்தே ரயிலடிக்குப் போனோம், இரண்டு மாலைகளோடு. மாலை போட்டதும் தும்மினார். “இந்தியர் ஒருவர் தயாராகும்வரை, ஒரு வருஷம் மட்டும்தான் இருப்பேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

“உங்கள் இஷ்டம்” என்றோம்.

செப்டம்பர் 13

லண்டனிலிருந்து எனக்கும் மாசிலாமணிக்கும் சேர்த்து ஒரு கடிதம். கிராஸ்லாண்ட் துரைசானி சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. கீழே அவர் கையெழுத்து மட்டும் கோணலாக, வரிக்கு வெளியே கிடந்தது. கண் அவ்வளவுக்குப் போய்விட்டது போலும்.

மிஷன் அலுவலகத்துக்குக் கணவருடைய சாமான்களைப் பற்றிக் கேட்கப் போனவருக்கு, எங்கள் விண்ணப்பத்தை யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்லி எழுதியிருக்கிறார். நன்றி!

தன் இடத்துக்கு வேறு ஆள் இல்லை என்று கணவர் எழுதி வந்ததை இரண்டு வருஷமாக அவர் நம்பவில்லையாம். தன்னைவிட அந்தக் கூட்டமும் மாலையும்தான் அவருக்குப் பெரிது, அதனால்தான் வராமல் இருக்கிறார் என்று நினைத்தாராம். அந்தக் கோபத்தில் எழுதுவதையே நிறுத்திவிட்டாராம். கணவருடைய கடைசிக் கடிதத்தைப் பிரிக்கக்கூட இல்லையாம். ‘இப்போது உங்கள் இருவருடைய வாயாலேயே கேட்டுவிட்டேன். அங்கே உண்மையிலேயே வேறு ஆள் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவர் வர மறுக்கவில்லை, வர முடியவில்லை. அவரை மன்னித்துவிட்டேன், அவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இது நிஜம்தான் என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதினால், இருக்கிற நாட்களை அதை வைத்துக்கொண்டு கழித்துவிடுவேன்.’

மாசிலாமணி வாசித்துவிட்டு வராந்தாவுக்குப் போனார். ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை. நான் மேஜையில் தலையை வைத்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 14

பேனாவை எடுத்தேன், வைத்தேன். இரண்டு பேர் இருந்தோம் என்று எழுதினால் அந்த அம்மா செத்துப்போவார். தகுதியானவர் ஒருவரும் இல்லை என்று எழுதினால் அது என் கையாலேயே என்னைப் பற்றி எழுதுவது.

சொர்ணம் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

“பதில் என்ன எழுதப்போறிய?”

“ஒருத்தரும் இல்லன்னுதான்.”

“அப்படியே எழுதுங்க. அந்த அம்மாவாவது நிம்மதியாத் தூங்கட்டும்” என்றாள்.

எழுதினேன். மாசிலாமணியும் வந்து கையெழுத்துப் போட்டார்.